வெட்டி எடுத்த வட்டிலப்பம்

இனிமேல் இந்த வீட்டு வேலை ஒன்றுக்குக்கூட வெளியாளைக் கூப்பிடுவதில்லை என்று அத்தாஉல்லா ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் அந்தப் பிரகடனம் மனைவி ஷஃபீனாவுக்கு விளங்கவில்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடியும் சொன்னார்.

"நம்மட கலியாண வீடியோவ டிவிடி ஆக்குறத்துக்கு டவுன்ல ஒரு ஸ்டூடியோவும் தேவையில்ல. நானே செய்றன்."

தையல் மெஷினில் யாருக்கோ சட்டைக் கை பொருத்திக்கொண்டிருந்த ஷஃபீனா தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்களா?"

"ஏன், செய்ய மாட்டனா?"

"நான் ஒண்டும் சொல்லல்லயே. நீங்களா எண்டுதானே கேட்டன்."

"அந்த 'நீங்களா'வுக்குள்ளதான் எல்லாம் இரிக்கி."

"சரி, நீங்களே. இப்ப சந்தோசமா?"

சந்தோஷம்தான். தப்பித்தோம் என்கிற சந்தோஷம். அந்த வீடியோவை ஸ்டூடியோக்காரன் பார்த்துவிடக் கூடாது. அவன் பார்த்தாலும் போகட்டும், ஷஃபீனா பார்த்துவிடவே கூடாது. முழுப் படத்தையும் என்று சொல்லவில்லை. நடுவில் ஒரு துண்டு இருக்கிறது. அது மட்டும் இந்த உலகத்திலிருந்து போய்விட வேண்டும்.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தி நடந்த கல்யாணம். ஷஃபீனாவின் மாமா மகன் ஃபாஹிம் அப்போது கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தான். கையில் புத்தம் புதுக் கமரா. மாப்பிள்ளை வந்து இறங்கியதிலிருந்து பந்தல் பிரித்தது வரை ஒன்றும் விடாமல் பிடித்தான். பிடித்த கசெட்டைக் கையோடு கட்டாருக்கே கொண்டுபோய்த் தொலைத்தும் விட்டான். இப்போது வீடு மாறும்போது ஒரு பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் அது கிடைத்ததாம். அங்கேயே ஒரு கடையில் கொடுத்து கொம்பியூட்டரில் ஓடும்படி மாற்றி, பென் டிரைவில் போட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் அனுப்பியிருந்தான்.

செய்தி தில்லையடிக்கு எட்டியது. அங்கே ஷஃபீனாவின் மூத்த சகோதரி ஜுமானா ராத்தா இருக்கிறார். அந்தக் குடும்பத்தில் எது நடக்க வேண்டும், எது நடக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது. அவர் வீட்டு டிவி பெரியது, ஆனால் பழையது. பென் டிரைவைத் திரும்பியும் பார்க்காது. பக்கத்தில் ஒரு டிவிடி பிளேயர் இருக்கிறது. போனில் படம் பார்ப்பதும் சாவித் துவாரத்தால் அடுத்த வீட்டைப் பார்ப்பதும் ஒன்று என்பது ராத்தாவின் கொள்கை.

"டிஸ்க்ல போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி பகல் சாப்பாடு இங்கதான். எல்லாருமா இரிந்து பார்ப்பம்" என்று உத்தரவு வந்துவிட்டது.

அத்தாஉல்லா மாம்புரியில் தண்ணீர் மோட்டார் திருத்துகிறவர். வெங்காயத் தோட்டக்காரர்கள் மூச்சு நின்ற மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வாசலுக்குத்தான் வருவார்கள். எந்த இயந்திரத்துக்கும் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் காற்று, கொஞ்சம் அதட்டல் கொடுத்தால் போதும் என்பது அவர் அனுபவம். கம்பஸுக்குப் போன மகள் றிஷ்னா விட்டுப்போன கொம்பியூட்டரும் ஓர் இயந்திரம்தானே. படம் வெட்டி டிஸ்க் எழுதுகிற சொஃப்ட்வெயாரை மகளே போனில் சொல்லிக்கொடுத்து ஏற்றுவித்திருந்தாள்.

பென் டிரைவ் வந்த அன்று பின்னேரம் ஷஃபீனா தைத்த சட்டையைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். அத்தாஉல்லா தனியே உட்கார்ந்து படத்தை ஓடவிட்டார். ஜன்னலுக்கு அப்பால் காற்றாலைகள் தூக்கக் கலக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. கடற்காற்றில் திரைச்சீலை உள்ளே வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டுப் போனது. படத்துக்குள் பந்தல் விரிந்தது. எப்போதோ மௌத்தாகிப்போன வாப்பா வெள்ளைச் சாரத்தோடு நடந்துபோய், யாரையோ கைபிடித்துச் சாப்பிடக் கூப்பிட்டார்.

பிறகு ஷஃபீனா வந்தாள். முகத்திரையை யாரோ விலக்க, மருதாணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை ஒரே ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். அத்தாஉல்லா தன்னை அறியாமல் கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பார்வை இவ்வளவு காலம் சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்தும் கொஞ்சமும் மங்கவில்லை. இப்படி ஒருத்தியா என் வீட்டில் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. படத்தை நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மேலே ஓடவிட்டார். சஹன் வந்தது.

பெரிய தாலத்தில் சோற்றைக் குவித்து, சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சஹன். இதைப் பற்றி அத்தாஉல்லாவிடம் ஒரு கதை இருக்கிறது. மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்த மயக்கத்தில், மாப்பிள்ளைச் சஹனில் உட்கார்ந்தும் தனக்கு ஒரு பிடி சோறு இறங்கவில்லை என்பதுதான் அந்தக் கதை. இருபத்திரண்டு வருடமாக அவர் இதை வைத்துத்தான் குடும்பம் நடத்தினார். கடையில் சொன்ன சாமானை மறந்து வந்தால் இந்தக் கதை. விசேஷத்துக்குப் பிந்திப் போனால் இந்தக் கதை. ஷஃபீனா கேட்டுவிட்டு இலேசாகச் சிரிப்பாள், விஷயம் அத்தோடு முடியும். ஜுமானா ராத்தாவோ இதைச் சொல்லிச் சொல்லியே தன் புருஷன் நஸீரைத் திட்டி வந்தார். "அவரும் ஒரு மாப்பிள, நீங்களும் ஒரு மாப்பிள. எங்கட கலியாணத்தில நீங்க ரெண்டாந்தரம் சோறு கேட்ட ஆள்தானே!"

சொல்லிச் சொல்லி அத்தாஉல்லாவே அதை நம்பிவிட்டிருந்தார். படம் நம்பவில்லை.

படத்தில் ஒல்லியான ஒரு மாப்பிள்ளை தலைப்பாகையைப் பின்னால் தள்ளிக்கொண்டு சோற்றில் இறங்கினான். தன் பக்கத்தை முடித்தான். பக்கத்தில் இருந்தவரின் கோழிக்காலைக் கதை கேட்பது போல் கேட்டு வாங்கிக்கொண்டான். அதுகூடப் பரவாயில்லை. ஷஃபீனா குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளைச் சஹனுக்குப் பூப்போட்ட துணியால் மூடி, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் ஒரு கோப்பை வரும். மாப்பிள்ளை ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு மீதியை உள்ளே மணப்பெண்ணுக்கு அனுப்ப வேண்டும். காலையிலிருந்து பசியோடு உட்கார்ந்திருக்கும் மணப்பெண் அதில்தான் முதல் வாய் வைப்பாள்.

ஒரு பெரியவர் குனிந்து இதை மாப்பிள்ளையின் காதில் சொல்வது படத்தில் நன்றாகத் தெரிந்தது. மாப்பிள்ளை தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே சாப்பிட்டான். கருப்பட்டிப் பாகு வழிய வழியச் சாப்பிட்டான். கரண்டியால் கோப்பையின் அடியைச் சுரண்டினான். பிறகு அந்தப் பூத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டான். ஃபாஹிமுக்கு என்ன பகையோ, கமராவைக் கிட்டக் கொண்டுபோய் அங்கேயே நட்டுவைத்துவிட்டான்.

அத்தாஉல்லா கொம்பியூட்டரை அணைத்துவிட்டு வெளியே போய்க் கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவினார். மறுநாள் காலைதான் அந்தப் பிரகடனம்.

வெட்டுவது சுலபமாக முடிந்தது. திரையில் கத்திரிக்கோல் போட்ட பொத்தானை அமர்த்தினார், துண்டு கழன்றது. மணப்பெண் கண்ணைத் தூக்கிப் பார்க்கிறாள், அடுத்த நிமிடம் எல்லாரும் கைகழுவிக்கொண்டு நிற்கிறார்கள். இவ்வளவு அழகான பொய்யை அவர் வாயால்கூடச் சொன்னதில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வெட்டிய படத்தை டிவிடிக்குத் தோதாக மாற்ற வேண்டும். கொம்பியூட்டர் அதைச் செய்யும்போது ஒரு பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஊர்ந்தது. பக்கத்தில் மீதி நேரம் போட்டிருந்தது. கோடு நீள நீள மீதி நேரமும் கூடியது. பெட்டி சூடேறி இரைந்தது. மோட்டார் சூடேறினால் செய்வதைத்தான் அத்தாஉல்லா செய்தார். சாக்கை நனைத்துக்கொண்டு வந்தார்.

"அல்லாஹ்வே! அதுக்கு மேல ஈரச் சாக்கப் போடப் போறீங்களா?" ஷஃபீனா மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்தாள்.

"சூடாகுது புள்ள."

"கரண்ட் அடிச்சிடும். மேசக் காத்தாடிய அதுக்கு முன்னால வைங்க."

"எனக்குப் புழுங்குமே."

"ஒங்களுக்கு இந்தச் சாக்கப் போட்டுக்குங்க."

ஒரு மாதிரியாக முதல் டிஸ்க் எழுதி முடிந்தது. அதைப் போட்டுப் பார்க்கப் பக்கத்து வீட்டு மரியநாயகத்திடம் போனார். மரியநாயகம் சொந்தமாகப் படகு வைத்திருப்பவன். அவனிடமும் ஒரு பழைய பிளேயர் இருந்தது. முதலில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. போகப் போகச் சத்தம் ஒரு வழியும் படம் இன்னொரு வழியும் பிரிந்தன. பந்தலுக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டின் கத்தல் நஸீர் வாயைத் திறந்து பேசும் இடத்தில் வந்து விழுந்தது.

"அத்தாஉல்லா நானா, இவர் என்ன கதைக்கிறார்?" என்றான் மரியநாயகம்.

"வரவேற்புரை."

"நல்லாத்தான் கதைக்கிறார். ஆனா இலை குழை கேக்கிறார் போல இரிக்கு."

அத்தாஉல்லா டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் மறுபடியும் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அதை அதட்டினார். அது அசையவில்லை. ஷஃபீனா நூலைப் பல்லால் கடித்துவிட்டு வந்து பின்னால் நின்றாள்.

"இந்த இடத்தில இங்கிலீசில 'பால்' எண்டு ஒண்டு இரிக்கி. இன்னொண்டும் இரிக்கி. நீங்க எத அமத்தினீங்க?"

"மற்றதத்தான். கலியாண வீடியோவுக்குப் பால் என்னத்துக்கு?"

"மற்றதில செக்கனுக்கு முப்பது படம் எண்டு போட்டிரிக்கி. இதில இரிபத்தஞ்சி. ஃபாஹிம் அனுப்பினதும் இரிபத்தஞ்சிதானே, கீழ எழுதியிரிக்கி."

"முப்பது எண்டா கூடத்தானே. மோட்டாருக்கு ரேஸ் கூட்டினாத் தண்ணி கூட வரும்."

"தண்ணி வரும். நஸீர் மச்சானுட வாயில ஆடும் வரும். பால அமத்துங்க."

அமர்த்தினார். ஆடு பந்தலுக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் இரண்டாவது டிஸ்க்கில் எல்லாரும் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாகிவிட்டார்கள். ஜுமானா ராத்தா பந்தலுக்குள் நுழைய, பந்தல் நிறைந்தது.

"இதக் கொண்டு போய் ராத்தாவுக்குக் காட்டினா ரெண்டு குடும்பமும் அன்டைக்கே பிரிஞ்சிரும்" என்றாள் ஷஃபீனா.

"இது படத்தில பிழை இல்ல. ராத்தா எப்பவும்…"

"சொல்லி முடிங்க பார்ப்பம்."

பழைய கமராப் படம் சதுரக் கணக்கு, இப்போதைய திரை நீளக் கணக்கு என்று ஷஃபீனாதான் திரையில் எங்கேயோ ஒரு சின்னக் கட்டத்தைக் கண்டுபிடித்து மாற்றினாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் திரையில் மணப்பெண் கண்ணைத் தூக்கிப் பார்த்தாள். அத்தாஉல்லாவுக்குக் கேள்வி மறந்துபோனது.

அந்த நாட்களில் அவர் பாதி நேரம் இங்கே இல்லை. பச்சைக் கோடு ஊரும், காற்றாடி சுற்றும், வெளியே தென்னோலை உரசும், அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பந்தல் வாசலில் வாப்பா கை காட்டிக் கூப்பிடுவார். மருதாணிக் கை தெரியும். ஜுமானா ராத்தா வீட்டில் எல்லாரும் படம் பார்த்து முடித்து, "மெய்தான், மனிசன் ஒரு வாயும் சாப்பிடல்ல" என்று சொல்வார்கள். ஷஃபீனா முன்பு பார்த்தது போலவே ஒரு தரம் கண்ணைத் தூக்கிப் பார்ப்பாள். அதற்காக எத்தனை டிஸ்க் வீணானாலும் தகும் என்று நினைத்துக்கொள்வார்.

"தூங்குறீங்களா?"

"இல்ல. படம் மாறுறதப் பாத்துக்கிட்டிரிக்கன்."

"கண்ண மூடிக்கிட்டா? சரி, ஒண்டு கேக்கன். இந்தக் கத்திரிக்கோல் என்னத்துக்கு?"

அத்தாஉல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவிக்கு ஒரு விஷயத்தை விளங்கப்படுத்தும் சந்தர்ப்பம் லேசில் வருவதில்லை.

"வேண்டாத இடத்த வெட்டுறத்துக்கு. கை ஆடின இடம், இருட்டா இரிக்கிற இடம்."

"வெட்டின துண்டு எங்க போகும்? இல்லாமப் போயிருமா?"

"அதுதான் இதிட கெட்டித்தனம். ஒண்டும் அழியாது. கீழ இந்தப் பெட்டியில சும்மா கிடக்கும். பொறவு வேணுமெண்டாத் திரும்ப எடுக்கலாம்."

"தையல் மாதிரித்தான் எண்டு சொல்லுங்க. நானும் வெட்டின துண்ட எறியறல்ல. எங்கயாச்சும் ஒரு பூவுக்கு உதவும்." அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "இது என்ன, முகப்பு எண்டு?"

"டிஸ்க் போட்டவொடனே முதல்ல வாற பக்கம். பேர் இரிக்கும், பின்னால ஒரு படம் இரிக்கும். அசையிற படமும் போடலாம். பிளே அமத்துற வரைக்கும் அது திரும்பத் திரும்ப ஓடும்."

"அதில நீங்க என்ன போட்டிரிக்கிறீங்க?"

"ஒண்டும் போடல்ல. அலங்காரம் எல்லாம் ஒன்ட வேல. ஏதாச்சும் ரோசாப்பூ கீசாப்பூ போட்டு விடு."

"மெய்யாவா? நான் விரும்பினத?"

"ஓம் ஓம், நீ விரும்பினத. வடிவா இரிந்தாச் சரி."

அவள் சிரித்தாள். மனைவியின் திறமைக்கும் ஓர் இடம் கொடுத்த பெருமையில் அத்தாஉல்லா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் புறப்படும்போது டிஸ்க் எழுதும் வேலை மட்டும் மீதி. "நீங்க போங்க, நான் பாத்துக்கிறன்" என்றாள் ஷஃபீனா. பள்ளிவாசலில் மின்விசிறிக்குக் கீழே அவருக்கு ஓர் இனிமையான கிறக்கம் வந்தது. வீடு திரும்பியபோது டிஸ்க் தயாராக இருந்தது. அதன் மேல் ஷஃபீனாவின் கையெழுத்தில் கல்யாணத் தேதி. அவளும் நல்ல அபாயா உடுத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் ஷஃபீனா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். களப்புத் தண்ணீரைத் தடவி வந்த காற்று சட்டைக்குள் புகுந்து ஊதியது. பாலாவி தாண்டியதும் உப்பளங்கள் வானத்தைத் தரையில் விரித்து வைத்திருந்தன. மேலேயும் மேகம், கீழேயும் மேகம், நடுவில் தான் புது மாப்பிள்ளை என்று அத்தாஉல்லாவுக்கு இருந்தது. வாழ்நாளில் இன்னொரு தரம் இப்படி ஒரு நாள் வராது என்று மனதார நினைத்தார்.

ராத்தா வீட்டில் சஹன் வைத்துச் சாப்பிட்டார்கள். அத்தாஉல்லா கதைக்குப் பொருத்தமாகக் கொஞ்சமாகவே சாப்பிட்டார். அதை ராத்தா நஸீருக்குச் சுட்டியும் காட்டினார்.

"பாருங்க. இன்னமும் ஷஃபீனாவுட முகத்தப் பாத்தாச் சோறு இறங்குதில்ல அவருக்கு."

நஸீர் இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கும் அதே எரிச்சலோடு அத்தாஉல்லாவைப் பார்த்தார். எல்லாரும் முன்னறையில் வந்து உட்கார்ந்தார்கள். டிஸ்க் உள்ளே போனது.

திரை முழுக்க ரோசாப்பூ பூத்தது. வளைத்து வளைத்து, வடிவாக. மேலே "எங்கள் கல்யாணம்" என்று பொன் எழுத்து. ரோசாப்பூ வளையத்துக்கு நடுவில் ஒரு மாப்பிள்ளை அசைந்தான். தலைப்பாகையைப் பின்னால் தள்ளினான். பெரியவர் காதில் சொன்னதற்குத் தலையாட்டினான். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனான். கோப்பையைச் சுரண்டினான். பூத்துணியால் வாயைத் துடைத்தான். மறுபடியும் தலைப்பாகையைப் பின்னால் தள்ளினான்.

கரண்டி சுரண்டும் சத்தம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. சத்தமும் படமும் ஒரு மயிரிழைகூடப் பிரியவில்லை.

"அது… அது பொண்ணுக்கு அனுப்புற வட்டிலப்பமெல்லா?" என்றார் ஜுமானா ராத்தா.

"பிளேய அமத்துங்க" என்றார் அத்தாஉல்லா.

"ஒருத்தரும் அமத்தாதீங்க!" நஸீர் கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஷஃபீனா, இது இன்னொருக்கா வருமா?"

"அமத்துற வரைக்கும் வரும் மச்சான். அதுக்கு முடிவே இல்ல" என்றாள் ஷஃபீனா.

அத்தாஉல்லா அவள் பக்கம் சரிந்தார். "நீ இத எப்ப பாத்த?"

"எத? வீடியோவயா? அந்தப் பெட்டியில கிடந்திச்சி, றிஷ்னாகிட்டக் கேட்டு எடுத்தன். நீங்க சாப்பிட்டதயா? கலியாணத்தன்டைக்கே பாத்தன். திரைக்குப் பின்னால பசியோட நிண்டு பாத்துக்கிட்டுத்தான் இரிந்தன்."

"அப்ப இவ்வளவு காலமும் நான் சொன்ன கதைய…"

"நீங்க அதச் சொல்லக்குள்ள ஒங்கட முகம் நல்லா இரிக்கும். அதுக்காகக் கேட்டுக்கிட்டிரிந்தன்."

சொல்லிவிட்டு அவள் கண்ணைத் தூக்கி ஒரே ஒரு தரம் பார்த்தாள். அதே பார்வை. அத்தாஉல்லாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது, ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. திரையில் மாப்பிள்ளை மறுபடியும் கோப்பையைச் சுரண்டினான். அந்த நேரம் பார்த்து ஜுமானா ராத்தா எழுந்து போய்க் குசினியிலிருந்து தட்டு நிறைய வட்டிலப்பக் கோப்பைகளைக் கொண்டுவந்தார். கருப்பட்டி வாசம் அறை முழுக்கப் பரவியது. ராத்தா ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்து, அத்தாஉல்லாவிடம் ஒரு கோப்பையை நீட்டினார். அவரும் கையை நீட்டினார்.

ஷஃபீனா எட்டி அதை வாங்கித் தன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அவருக்கு வேணாம் ராத்தா. நான் முன்னால இரிக்கக்குள்ள அவருக்கு ஒண்டும் இறங்காது."